புகைப்படம் பொய் சொல்லாதா?

பூனாகலை மலைகளின் உச்சியில் லிப்டன் ஆசனம் என வழங்கும் ஓர் இடம் உண்டு. தேயிலை வணிகத்தாற் பெருஞ்செல்வம் குவித்த தோமஸ் லிப்டன், 1890இல் இப்பகுதியிலே தோட்டங்களை வாங்கிய பின்னர், அங்கே அமர்ந்து தமது உடைமைகளைப் பார்வையிடுவார் என்பது வழிவழி வரும் செய்தி. இன்று உலகின் பல திசைகளிலுமிருந்து வரும் உல்லாசப் பிரயாணிகள் அதே இடத்தில் நின்று புகைப்படம் எடுக்கின்றனர். வைகறை மூடுபனி, படிப்படியாகச் சரிந்திறங்கும் பச்சை மலைகள், நடுவே கூடை சுமந்து கொழுந்து கிள்ளும் பெண், அவள் முகத்தில் ஒரு புன்னகை. தேயிலைப் பெட்டியிலும் நாட்காட்டியிலும் விளம்பரப் பலகையிலும் இப்படத்தைக் காணாதவர் எவரும் இலர்.

இப்படம் பொய்யா என்று கேட்டால், பொய்யில்லை என்றே சொல்ல வேண்டும். அந்தப் பெண் அங்கே நின்றாள். அவள்மீது பட்ட ஒளியே வில்லையினூடாகச் சென்று படமாகப் பதிந்தது. மலையும் மூடுபனியும் கூடையும் எவருடைய கற்பனையிலும் பிறந்தவை அல்ல. ஆயினும், தோட்டப் பாடசாலையிலே படிப்பிக்கும் ஓர் ஆசிரியரிடம் இப்படத்தைக் காட்டி, "உங்கள் மாணவரின் தாய்மார் வாழும் வாழ்க்கை இதுதானா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொல்ல அவர் ஒரு கணமும் தயங்கமாட்டார்.

ஒவ்வொரு புள்ளியிலும் மெய்யாயுள்ள ஒன்று, முழுமையில் மெய்யற்றுப் போவது எங்ஙனம்? புகைப்படமும் ஓவியமும் யதார்த்தத்தைச் சித்திரிக்கும் முறைகளை ஆராய்வோர் தொடங்க வேண்டிய இடம் இக்கேள்விதான். இதனை அழகியல் அறிஞர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. யாருடைய உருவத்தை யார் எடுத்து யாருக்குக் காட்டுகிறார் என்பது நீதியைப் பற்றிய கேள்வியுமாகும்.

முதலில் இரு கலைகளும் பிறக்கும் முறையை நோக்குவோம். ஓவியன் வெறும் பரப்பிலிருந்து தொடங்குகிறான். அதில் விழும் ஒவ்வொரு கோடும் அவன் செய்த ஒரு தீர்மானம். தொழிலாளியின் காலிற் செருப்பில்லை என்பதை ஓவியம் காட்டுமாயின், அதை ஓவியன் கண்டான், கண்டதைக் காட்டத் தகுந்ததெனக் கருதினான் என்பது பொருள். அவன் உள்ளத்திற் படாதது அவனது ஓவியத்தில் வாராது. புகைப்படக்காரனோ நிறைந்து கிடக்கும் உலகின் முன் நிற்கிறான். எங்கே நிற்பது, எந்தக் கணத்தைப் பிடிப்பது, எதனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவது என்பவையே அவனுடைய தீர்மானங்கள். சட்டத்துக்குள் வந்துவிட்டவற்றையெல்லாம் கருவி தானாகவே பதிந்துகொள்கிறது. ஓவியன் சேர்த்துச் சேர்த்து உலகை ஆக்குகிறான். புகைப்படக்காரன் விலக்கி விலக்கி அதை எடுக்கிறான்.

இவ்வேறுபாட்டால் புகைப்படத்துக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. எடுத்தவன் கவனியாததையும் அது காத்து வைக்கிறது. வெள்ளைத் துரைமாரின் பெருமையைக் காட்டுவதற்காக எடுக்கப்பட்ட பழைய தோட்டப் படங்களை இன்று உற்று நோக்குவோர், வரிசையின் ஓரத்தில் வெறுங்காலோடு நிற்கும் சிறுவனைக் காண்கிறார்கள். கிழிந்த சேலைத் தலைப்பைக் காண்கிறார்கள். துரை அழைத்து வந்த கருவியே துரைக்கு எதிராகச் சாட்சி சொல்லுகிறது. துரை தன் பணத்திற் சித்திரக்காரன் ஒருவனை அமர்த்தியிருந்தால், அந்த வெறுங்கால் ஓவியத்தில் வந்திருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

ஆனால் அந்தச் சாட்சியம் எதற்குச் சாட்சியம்? ஒரு கணத்துக்கு. கொழுந்து கிள்ளும் பெண்ணின் விரல்கள் படத்தில் தெரிகின்றன. அவள் இடுப்பிற் கட்டிய படங்கும், காலைக் கடிக்கும் அட்டையும் தெரிதல் கூடும். விடியுமுன் எழுந்து லயத்து அறையிலே அடுப்பு மூட்டியது தெரியாது. மடுவத்தில் தராசின் முன் நின்று, நிறுப்பவரின் வாயை அவள் நோக்கும் நோக்கு தெரியாது. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கையை முன்வைத்து, 2021இல் அது வர்த்தமானியில் வெளிவரும்வரை ஆண்டுக்கணக்காகத் தொழிலாளர் போராடியது தெரியாது. கூலியைக் கையிலே வைத்துக் காட்டலாம்; கூலி என்னும் உறவைக் காட்ட முடியாது. ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட், ஒரு பெருந்தொழிற்சாலையின் புகைப்படம் அத்தொழிற்சாலையைப் பற்றி நமக்கு அறிவிப்பது சொற்பமே என்னும் கருத்தை 1931இல் முன்வைத்தார். பூனாகலையின் பச்சை மலைகளைப் பார்க்கும்போது அக்கருத்தின் பொருள் தெளிவாகிறது. மனிதருக்கிடையிலான உறவுகள் கண்முன் நிற்பதில்லை. அவை காலத்திலே பரந்து கிடக்கின்றன.

அப்படியாயின், கருவியை விடுத்துத் தூரிகையை நம்புவோமா? அவசரப்பட வேண்டாம். நமது நாட்டின் வரலாறே இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டை வைத்திருக்கிறது.

ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். அவருடைய கணவருக்கு மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் மலைநாட்டிலேயே காலமான அம்மையாரின் கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. 1877இல் களுத்துறையிலிருந்த அவரது இல்லத்துக்கு, உலகமெங்கும் சென்று தாவரங்களை வரைந்து வந்த ஓவியர் மரியான் நோர்த் விருந்தினராக வந்தார். புகைப்படக் கலைஞர் ஓவியரைப் படம் எடுத்தார். இரு கலைகளும் ஒரே கூரையின் கீழ்ச் சந்தித்தன.

இவ்விருவரின் போக்கும் நமது வழக்கமான எண்ணத்துக்கு மாறானது. கமரன் புகைப்படத்தை ஓவியம்போல் ஆக்க முயன்றவர். கூர்மையான உருவரையைத் தவிர்த்து மென்மையான மங்கலை விரும்பினார். தம் முன்னே அமர்ந்தோரை விவிலியக் கதைமாந்தராகவும் காவிய மாந்தராகவும் நிறுத்திப் படம் எடுத்தார். நோர்த்தோ தூரிகையைக் கருவிபோல் ஆண்டார். இலையின் அமைப்பும் பூவின் நிறமும் பிழையின்றி அமைய வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1882இல் லண்டன் கியூ தாவரவியற் பூங்காவில் திறக்கப்பட்ட மண்டபத்தில் அவருடைய 800க்கு மேற்பட்ட ஓவியங்களை இன்றும் காணலாம். எனவே, புகைப்படம் என்றால் உள்ளதை உள்ளவாறு காட்டுவது, ஓவியம் என்றால் கற்பனை என்று பிரித்துவிட முடியாது. கருவி எதுவாயினும், அதை ஆள்வோரின் நோக்கமே அதன் உண்மையின் எல்லையை வகுக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் இருந்த காலத்திலே கமரன் படம் எடுத்தவர்களுட் கவிஞர் டெனிசன் உண்டு. விஞ்ஞானி டார்வின் உண்டு. அவர்கள் பெயரோடு வரலாற்றில் நிற்கிறார்கள். இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றில் இடம்பெற்ற குடியானவரும் தொழிலாளரும் பெரும்பாலும் பெயரற்றவர்கள். 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பது போன்ற தலைப்பே அவர்களுக்குக் கிடைத்தது. அதே கை, அதே கருவி, அதே மென்மையான ஒளி. ஒரு நாட்டில் ஆள். மற்றொரு நாட்டில் மாதிரி. கண்ணாடித் தகட்டுக்கு இந்த வேற்றுமை தெரியாது. அந்த வேற்றுமையைச் செய்தது சமுதாயம்.

பெயரில்லாத உருவம் எத்தகைய பயன்பாட்டுக்கு உள்ளாகும் என்பதற்கு 1935ஆம் ஆண்டின் தபால் முத்திரை ஒன்று சான்று. அவ்வாண்டில் வெளிவந்த இலங்கை முத்திரை வரிசையில் 9 சத முத்திரையின் பொருள் கொழுந்து பறித்தல். கொழுந்து பறிப்போரின் உருவம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையோடு கடல் கடந்து பிரயாணம் செய்தது. நாட்டின் அடையாளமாக உலகமெங்கும் சென்றது. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், மலைநாட்டிலே உழைத்த ஏறத்தாழ 7 இலட்சம் மக்களை நாடற்றவராக்கியது. உருவம் நாட்டின் அடையாளம். உருவத்துக்கு உரியவள் அந்நியள்! இந்த முரண்பாட்டை எந்த முத்திரையிலும் காண முடியாது.

பின்னர், 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் கணக்கிட்டது. அப்போது பெயரும் புகைப்படமும் ஒருங்கே தேவைப்பட்டன. கடவுச்சீட்டிலே ஒட்டுவதற்காகக் குடும்பங்கள் படப்பிடிப்பு நிலையங்களின் முன் நின்றன. அழகுக்காக எடுக்கப்பட்ட காலத்திற் பெயர் கேட்கப்படாதவர்கள், அனுப்பிவைக்கப்படும் காலத்திற் பெயரோடு படம் எடுக்கப்பட்டார்கள். இரண்டு படங்களும் துல்லியமானவை. துல்லியம் ஒன்றே உண்மையாகுமென்றால், இரண்டையும் உண்மை என்று நாம் ஏற்க வேண்டியிருக்கும்.

இதுகாறும் கூறியவை, அதிகாரத்தின் கையிலிருந்த படங்களைப் பற்றியவை. மக்களின் பக்கம் நின்ற கலைஞர்களின் கையில் இவ்விரு கலைகளும் என்ன செய்தன? அதற்கு வங்காளத்தை நோக்க வேண்டும்.

1943இன் வங்கப் பஞ்சத்திலே மாண்டோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. பஞ்சம் என்ற சொல்லையே ஆள்வதற்கு அரசு விரும்பாத வேளையில், 1943 ஆகஸ்ட் 22ஆந் தேதி கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை, தெருவில் மடிந்துகொண்டிருந்தோரின் புகைப்படங்களை வெளியிட்டது. அரசின் மறுப்பு அதன்பின் நிற்க முடியவில்லை. அறிக்கைக்கு மறு அறிக்கை விடலாம். ஒளி பதிந்த முகத்துக்கு மறுப்பு எழுதுவது கடினம். கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த பி. சி. ஜோஷியின் தூண்டுதலால் இளைஞர் சுனில் ஜனா புகைப்படக் கருவியோடு பஞ்சப் பிரதேசங்களுக்குச் சென்றார். அவர் எடுத்த படங்கள் கட்சிப் பத்திரிகையின் வாயிலாக நாடெங்கும் சென்றன.

அதே பஞ்சத்தைச் சித்தபிரசாத் என்னும் ஓவியர் மையினால் வரைந்தார். 1943 நவம்பரில் மிதுனபுரி மாவட்டத்திலே ஊர் ஊராகச் சென்று, கண்டவரோடு உட்கார்ந்து பேசி, அவர்களுடைய பெயரையும் ஊரையும் நேர்ந்த கதையையும் கோட்டுருவங்களின் அருகே குறித்து வைத்தார். 'பசித்த வங்காளம்' என்ற பெயரில் அது சிறு நூலாக வெளிவந்தது. அரசு அதன் பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது உண்டு. ஓவியம் வெறுங் கற்பனையாயின், அரசு ஏன் அதற்கு அஞ்ச வேண்டும்? ஜனாவின் படம், 'இது நிகழ்ந்தது' என்றது. சித்தபிரசாத்தின் கோடோ, 'இது இன்னாருக்கு, இன்ன ஊரில், இன்ன காரணத்தால் நிகழ்ந்தது. அதை நான் கேட்டறிந்தேன்' என்றது. முன்னது மறுக்க முடியாத சான்று. பின்னது பொறுப்பேற்ற சாட்சி. சான்றுக்கு ஆள் தேவையில்லை. சாட்சிக்கு ஆள் தேவை. தன் பெயரை வைத்து, கண்டேன் என்று சொல்லும் ஆள். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்ப முடியாது. அப்பஞ்சத்தைப் பற்றி இன்று கற்போருக்கு இரண்டும் வேண்டியிருக்கின்றன.

பல கணங்களை ஒரு சட்டத்துள் கூட்டும் ஆற்றல் ஓவியத்துக்கு இயல்பாகவே உண்டு. பிரெஞ்சு ஓவியர் குர்பே 1849இல் தீட்டிய 'கல்லுடைப்போர்' என்ற ஓவியத்திலே ஒரு கிழவனும் ஓர் இளைஞனும் தெருவோரம் வேலை செய்கிறார்கள். இருவர் முகமும் நமக்குச் சரிவரத் தெரிவதில்லை. அவ்விருவரையும் அருகருகே நிறுத்தியதால், அந்த இளைஞன் எவ்வாறு முடிவான் என்பதையும் அந்தக் கிழவன் எவ்வாறு தொடங்கினான் என்பதையும் ஓவியர் சொல்லிவிட்டார். ஓர் ஆயுட்காலம் முழுவதும் அங்கே இருக்கிறது. அந்த ஓவியம் இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945இல், ஜெர்மனியிலே குண்டுவீச்சில் எரிந்து போயிற்று. இன்று நாம் அதை அறிவது அதன் புகைப்படங்களாலேயே. கை ஆக்கியதை ஒளி காத்தது. இவ்விரு கலைகளையும் பகைவராக நிறுத்துவோர் இதை மறக்கலாகாது.

இனி மீண்டும் பூனாகலைக்கு வருவோம். ஏனெனில், இங்கே படத்தின் கேள்வி உயிரின் கேள்வியாகவே மாறியிருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆந் தேதி காலையில், அண்டையிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லய வரிசைகள் மண்ணுள் புதைந்தன. பலர் மாண்டனர். உயிர் தப்பியோரில் ஒரு பகுதியினருக்குப் பூனாகலை அடைக்கலம் தந்தது. புதிய வீடுகளுக்கு அவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து லயங்கள் சேதமுற்றன. மீண்டும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

மீரியபெத்தையின் புகைப்படங்கள் உலகெங்கும் சென்றன. பச்சை மலையின் நடுவே செம்மண் பிளவு, சேற்றைத் தோண்டும் மனிதர், வாய்விட்டழும் உறவினர். அவை பொய்யல்ல, அவசியமானவையுங்கூட. அவை இல்லாவிடின் அச்செய்தி ஒரு மூலையில் நான்கு வரியாக முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பிளவைப் பார்ப்போர் அதை இயற்கையின் கொடுமை என்றே எண்ணுவர். 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடம் அபாயமானது என எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக்கு உருவமில்லை. அதைக் கேட்டும் மாற்றுக் காணியும் வீடும் கொடுக்கப்படாமற் கழிந்த ஒன்பது ஆண்டுகளுக்கும் உருவமில்லை. எந்த வில்லையும் அவற்றைப் பிடிக்காது.

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. சரிவதற்கு முந்தைய நாளில் அந்த மலையைப் படம் எடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? மூடுபனி, பச்சை, கொழுந்து பறிக்கும் பெண். அதாவது, நாட்காட்டியிலே நாம் காணும் அதே படம்! அழகிய படத்துக்கும் அபாயமான மலைக்கும் இடையே பார்வைக்கு வேற்றுமை இல்லை. அவ்வேற்றுமையை அறிய, படத்துக்கு வெளியே உள்ளதைக் கேட்டறிய வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். "புகைப்படத்திடம் அதன் இயல்புக்கு மீறியதை ஏன் கேட்கிறீர்கள்? கண்டதைக் காட்டுவது அதன் வேலை. காரணத்தை எழுத்தாளனும் ஆராய்ச்சியாளனும் சொல்லட்டும்" என்பர் சிலர். இது நியாயமான வாதமே. புகைப்படம் தன் எல்லைக்குள் நின்று, பெயரும் நாளும் இடமும் தாங்கி, சொல்லைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும்போது, அதற்கு ஈடான சான்று வேறில்லை. நாம் குறை கூறுவது அதன் இயல்பை அன்று. ஒரு கணத்தைக் காட்டிவிட்டு முழு வாழ்வையும் காட்டியதாக அது பாவனை செய்யும்போதே குற்றம் பிறக்கிறது. ஓவியன் பொய் சொன்னால் அவனைப் பிடித்துக் கேட்கலாம். கோடு அவன் போட்டது. புகைப்படக்காரன், "நான் என் செய்வேன், கருவி காட்டியது" என்று கருவியின் பின்னே ஒளிந்துகொள்ள முடியும். அந்த மறைவிடத்தை நாம் அவனுக்கு விட்டுவைக்கக் கூடாது.

இக்காலத்தில் இது முன்னிலும் அவசரமான கேள்வியாகிவிட்டது. ஒளி படாமலே, ஆள் நிற்காமலே, புகைப்படம் போன்ற உருவங்களைக் கணினி ஆக்கித் தருகிறது. பிறவாத பெண் ஒருத்தி இல்லாத மலையில் நின்று கொழுந்து பறித்துச் சிரிக்கலாம். 'இது நிகழ்ந்தது' என்ற புகைப்படத்தின் பழைய உறுதிமொழியை இனிப் படத்தை மட்டும் பார்த்து ஏற்க முடியாது. ஓவியத்துக்கு எப்போதும் தேவைப்பட்டது இப்போது புகைப்படத்துக்கும் தேவைப்படுகிறது: இதற்கு நான் பொறுப்பு என்று சொல்லும் ஒரு மனிதர்.

மறுபுறம், நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் கருவியின் முன் நின்ற மக்களின் பிள்ளைகள் கையில் இன்று கைத்தொலைபேசி இருக்கிறது. அதிலே கருவி இருக்கிறது. லயத்துச் சுவரின் வெடிப்பை அவர்களே எடுக்கலாம். மழைநாளில் மலைச்சரிவில் தோன்றும் பிளவை எடுத்து, நாளும் இடமும் குறித்து, அதிகாரிகளுக்கு அனுப்பலாம். மடுவத்துத் தராசையும் பாட்டியின் முகத்தையும் பெயரோடு பதிந்து வைக்கலாம். அப்போது விரல்கள் மட்டும் மாறவில்லை. விலக்குவதற்கும் சேர்ப்பதற்கும் உள்ள உரிமையே கைமாறுகிறது. அந்த மாணவன் சித்திரமும் பழகினால், படத்தில் வாராத எச்சரிக்கையையும் ஒன்பது ஆண்டுகளையும் கோட்டிலே கொண்டுவர வழி தேடுவான்.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் படத்தைக் கண்டாலும், அது அழகாயிருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், இதில் நிற்பவரின் பெயர் என்ன, இதை எடுத்தவர் எங்கே நின்றார், சட்டத்துக்கு வெளியே எது விடப்பட்டது, இப்படத்தால் வரும் பயன் யாருக்கு என்று கேட்கப் பழக வேண்டும். லிப்டன் ஆசனத்திலிருந்து பார்க்கும்போது மலைகள் அழகாகவே தெரியும். அங்கே அமர்ந்தவருக்குத் தமது உடைமையைப் பார்க்க அந்த உயரம் போதுமாயிருந்தது. உழைப்பவரின் வாழ்வைப் பார்க்க விரும்புவோர் அங்கிருந்து கீழே இறங்கி, லயத்து வாசலில் நின்று, கேட்டறிந்த பின்னரே கருவியையோ தூரிகையையோ கையில் எடுக்க வேண்டும்.